வழியனுப்புச் சூடு

மூன்றாவது விளக்கும் அணைந்தது. மதுரை வடகரை ரயில் நிலையத்துக்கு வெளிமின்சாரம் கிடையாது. தூண்களிலும் இருக்கைகளிலும் பதித்த வெப்பவாங்கிகள், கூடி நிற்பவர்களின் உடற்சூட்டை வாங்கி மின்சாரமாக்கும். விளக்கு, விசிறி, வண்டிக் கதவு எல்லாம் அதில்தான் ஓடவேண்டும். இந்த மாலையும் ஓடாவிட்டால் நாளைக்கு நிலையத்தை மூடிவிடுவார்கள்.

அதை வடிவமைத்த பூங்கோதைக்கு அழுகை முட்டியது. ஒரு பயணச்சீட்டுக்கு ஓர் ஆள், நெரிசலே இல்லாத நிலையம் என்றுதான் வரைந்திருந்தாள். வண்டிகள் நேரம் தவறவில்லை. ஆட்கள் வந்தார்கள், ஏறினார்கள், போனார்கள். தூண்கள் சூடாக நேரமே இல்லை.

வாசல் தடுப்பில் ஒரே சத்தம். ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நின்றது.

"யாரு போறது?" என்றாள்.

"எங்க மாப்பிள்ளை," என்றார் முன்னால் நின்றவர்.

"மத்தவுங்க?"

"வழியனுப்ப வந்திருக்கோம் தாயி."

"வெளிநாடா?"

"திண்டுக்கல்லு. நாளைக்குத் திரும்பிருவாரு."

விடுதிகளிலேயே வளர்ந்த பூங்கோதை எந்த ஊருக்கும் தனியாகத்தான் போய் வந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எப்படியும் மூடத்தானே போகிறார்கள் என்று தடுப்பைத் திறந்துவிட்டாள். பின்னாலேயே மற்ற குடும்பங்களும் திமுதிமுவென்று நுழைந்தன. பைக்குள் முறுக்கைத் திணித்தார்கள், தூணில் சாய்ந்தார்கள், சொன்னதையே மறுபடி சொன்னார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஊரின் குணத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டவளை அந்த ஊரே காப்பாற்றியது. யார் யாருக்கோ அவள் கைகூப்பினாள்.

நிலையம் பிழைத்தது. தடுப்புகளைக் கழற்றினார்கள். நிலையத்தை நடத்தும் கணினி மூளையான பொறிமதியும் ஒன்றைக் கற்றுக்கொண்டது: விடைபெறும்போதுதான் தூண்கள் நன்றாகச் சூடேறுகின்றன. ஆகவே ஏறிய ஒவ்வொருவரையும் வழியனுப்பி முடியும்வரை அது வண்டிக் கதவைச் சாத்துவதில்லை. யாரும் குறைசொல்லவும் இல்லை.

மறு ஆண்டு இதேபோல் ஒரு நிலையம் கட்ட அவளைச் சென்னைக்கு அழைத்தார்கள். பூங்கோதை தனியாக வந்து ஏறினாள். மற்ற எல்லோருக்கும் கையசைத்தாயிற்று. கதவு மூடவில்லை.

"பூங்கோதை அவர்களை வழியனுப்ப இன்னும் ஒருவரும் வரவில்லை," என்றது பொறிமதியின் குரல். "வண்டி காத்திருக்கிறது."

வண்டி முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு யாருமில்லை என்று ஓர் இயந்திரத்திடம் எப்படிச் சொல்வது? இறங்கிவிடலாம் என்று அவள் வாசற்படிக்கு வந்தாள்.

நடைமேடையில் மகனை அனுப்ப வந்திருந்த ஒரு பெண் கதவருகே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் பூங்கோதையா? பார்த்துப் போயிட்டு வாத்தா. எறங்குனதும் எனக்குப் போன் போடு."

எந்த நம்பருக்கு என்று பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.