அண்ணனின் கறுப்புக் குதிரை

சிட்டுவின் வீட்டில் ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. நாலு மாதமாக அதில் யாரும் ஆடவில்லை. சிட்டு ஆட விடவில்லை.

கப்பல் கட்டும் வேலைக்காக அண்ணன் வெகுதூரம் கிளம்பிய அன்று பாதியில் நின்றுபோன ஆட்டம் அது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "வந்து ஆடுறேன், அப்படியே வை," என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு ஓடினான் அண்ணன்.

அப்படியேதான் வைத்திருக்கிறாள்.

அம்மா திரைச்சீலை தைப்பவர். துணியை விரித்து வெட்ட வீட்டில் இருப்பதோ ஒரே மேசை.

"அடியே, பலகையை எடு. பத்து மீட்டர் துணி காத்துக் கிடக்கு!"

"இதோம்மா!"

சிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையை இரண்டு கையாலும் ஏந்திக் கட்டிலுக்குக் கொண்டுபோவாள். அப்பா படுக்க வந்தால் பீரோ மேல் ஏற்றுவாள். தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"கைக்குழந்தையைக்கூட யாரும் இப்படித் தூக்க மாட்டாங்க," என்பார் அம்மா.

ஒரு சனிக்கிழமை, மாடியில் புதிதாகக் குடிவந்த எலக்ட்ரீஷியனின் மனைவி, ஜன்னல் அளவை எழுதி எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். கூடவே அவருடைய ஏழு வயதுப் பொடிசு. அவள் நேராகப் பலகையிடம் போய் நின்றாள்.

"தொடாதே!" என்றாள் சிட்டு.

"தொடலக்கா. சும்மா பாக்குறேன்." பொடிசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வெள்ளை உங்களுதா?"

சிட்டுவுக்குப் பெருமை வந்துவிட்டது. "ஆமா. முதல்ல ரெண்டு சிப்பாய். நடு இடம் நம்ம கையில இருக்கணும். அப்புறம் ரெண்டு குதிரை, ரெண்டு மந்திரி. ராணி அவசரப்பட்டு வெளியே வரக் கூடாது, எல்லாரும் துரத்துவாங்க. கடைசியா ராஜாவைக் கோட்டைக்குள்ள பத்திரமா வெச்சாச்சு. எல்லாம் எங்கண்ணன் சொல்லிக் குடுத்தது. கறுப்பு அவனுது."

பொடிசு கறுப்புப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"இவங்க யாருமே இன்னும் தூங்கி எழலையா? உங்கண்ணனுக்கு ஆடத் தெரியாதாக்கா?"

"எங்கண்ணனுக்கா? இந்தத் தெருவுலேயே..."

சிட்டு பாதியில் நிறுத்தினாள். கறுப்புக் காய்கள் பதினாறும் முதலில் வைத்த இடத்திலேயே நின்றன. அவள் ஏழு முறை காய் நகர்த்தியிருக்கிறாள். ஏழாவதற்குப் பதில் ஆடும் முன்தான் அண்ணன் கிளம்பினான். அப்படியானால் அவன் ஆறு முறை ஆடியிருக்க வேண்டுமே. அந்த ஆறும் எங்கே போயின?

மெல்ல நினைவு வந்தது. குதிரை! ஒருமுறை வெளியே வரும், அடுத்த முறை வீட்டுக்கே திரும்பிவிடும். மறுபடி வரும், மறுபடி போகும்.

"ஒரே காயைத் திரும்பத் திரும்ப ஆடக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்று அன்று அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

"என் குதிரைக்கு வீட்டை விட்டுப் போக மனசு வரல, விடு," என்றான் அண்ணன். "நீ உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வா."

ஆறு முறையும் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

சிட்டுவின் கண் நிறைந்துவிட்டது. "கண்ணுல நூல் விழுந்துடுச்சு," என்றாள், யாரும் கேட்காமலே.

"அக்கா, எனக்கும் கத்துத் தர்றீங்களா?" என்றாள் பொடிசு. "மேல எங்கூட விளையாட யாருமே இல்ல. தரையில பந்து தட்டினா கீழ்வீட்டுக்காரங்க கத்துறாங்க."

"கீழ்வீட்டுக்காரங்க நாங்கதான்."

"ஐயோ!" பொடிசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிட்டு சிரித்துவிட்டாள். பிறகு வெகுநேரம் பலகையையே பார்த்தாள். வேறு பலகை கிடையாது. வெள்ளை ராஜாவைக் கோட்டையிலிருந்து எடுத்து அதன் பழைய இடத்தில் வைத்தாள். அப்புறம் யானை, மந்திரிகள், குதிரைகள், சிப்பாய்கள். கறுப்புப் பக்கம் கலைக்க ஒன்றுமே இல்லை.

பலகையைத் திருப்பி வைத்தாள். "நீ வெள்ளை. முதல்ல நடுச் சிப்பாய்."

அன்று சாயங்காலம் அண்ணன் போனில் கூப்பிட்டான். பின்னால் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணா, நம்ம ஆட்டத்தைக் கலைச்சுட்டேன்."

"ஏன், அம்மா திட்டினாங்களா?"

"இல்ல. மாடி வீட்டுப் பொடிசுக்குக் கத்துக் குடுத்தேன். நான் கறுப்பு."

"எப்படி ஆடினே?"

"ஆறு தடவையும் குதிரையை மட்டும்."

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றான் அண்ணன். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"எப்பண்ணா வருவே?"

"இந்தக் கப்பல் தண்ணியில இறங்கினதும்."

"வந்ததும் புது ஆட்டம். நீ எல்லாக் காயையும் வெளியே எடுக்கணும், சொல்லிட்டேன்."

"தோத்துப் போவியேடி!"

"போனா என்ன?" என்றாள் சிட்டு. "எதிர்ல நீ உக்காந்திருப்பே இல்ல?"