புது ரிவால்வரில் என்ன கோளாறு?

புதன்கிழமை, காலை 11.40.

சிதம்பரத்தை ஒட்டி, புவனகிரி சாலையில் இருக்கும் ரைஸ் மில். அதன் ஆபீஸ் அறையில் முதலாளி தங்கராசு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார். நெஞ்சில் ஒரே குண்டு. எதிரே மேஜைமேல், வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத அவருடைய புது ரிவால்வர். "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டாரே!" என்று வாசலில் கூட்டம் வாயில் அடித்துக்கொண்டது.

12.15.

இன்ஸ்பெக்டர் அருள்மொழி வந்து இறங்கியபோது சப்-இன்ஸ்பெக்டர் செந்தமிழ்செல்வன் வழக்கை ஏறக்குறைய முடித்தே வைத்திருந்தார்.

"ஆக்சிடெண்ட் மேடம். கிளார்க் அன்வர் துப்பாக்கிய மேஜையில டொப்புன்னு வச்சிருக்கான். வெடிச்சிருச்சு. நேர்ல பாத்தது மருமகன் இளவரசு."

அன்வர் பரங்கிப்பேட்டைக்காரன், இருபத்தெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவுக்கு ஃபிளைட். இப்போது சுவரோரம் குந்தி, தன் கைகளையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"என்ன நடந்துச்சு?"

"ஃபைல் எடுக்கறதுக்கு துப்பாக்கிய தூக்கி அந்தாண்ட வச்சேன் மேடம். வெடிக்கல. டீ வாங்கப் போனேன். மில் கேட்டாண்ட போறப்பதான் சத்தம். நான் வச்ச வாக்குல ஏதாச்சும் ஆயிருக்குமா? நாந்தான் மொதலாளிய கொன்னுட்டனா மேடம்?"

கேட்டதும் அருள்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்பவன் இப்படிக் கேட்க மாட்டான். ஆனால் இதைக் கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் அறைக்குள் நடந்ததை வேறு யாரும் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

இளவரசு, தங்கராசுவின் ஒரே மகள் அனுப்பிரியாவின் கணவன். அவன் அடி தாங்காமல் அவள் அப்பா வீட்டுக்கு வந்து ஆறு மாதம். இன்று சமாதானம் பேச வந்தானாம்.

"துப்பாக்கிய யாரு லோடு பண்ணது?"

"மாமாதான். என்ன மிரட்டறதுக்காக என் கண்ணு முன்னால புது டப்பா பிரிச்சு, ஆறு தோட்டா போட்டு, மேஜையில வச்சாரு. அப்புறம் தொடவே இல்ல."

"நீ?"

"வெடிச்சப்புறம் எடுத்து தள்ளி வச்சேன். அதுக்கு முன்னாடி என் விரலே படல. அன்வர்தான் எடுத்தான். ஒரே தடவ டொப்புன்னு வச்சான், டமால்! அது ஏற்கெனவே ரிப்பேர் துப்பாக்கி மேடம். கடைக்கு லெட்டர் போட்டிருக்காரு, பாருங்க."

லெட்டரின் நகல் டிராயரில் இருந்தது. இரண்டே வரி. 'புதிதாக வாங்கிய ரிவால்வரில் கோளாறு உள்ளது. உடனே மாற்றித் தரவும்.'

"இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?" என்றார் செந்தமிழ்செல்வன்.

அருள்மொழி கையுறையோடு தோட்டாக்களை வெளியே எடுத்தாள். வெடித்தது ஒன்று, வெடிக்காதது ஐந்து. செந்தமிழ்செல்வன் அதைக் குறித்துக்கொண்டார். அவளோ அவற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெடிக்காத ஐந்திலும் நடுவில் கடுகளவு பள்ளம். வெடித்ததில் மட்டும் இரண்டு பள்ளம், ஒன்றையொன்று உரசிக்கொண்டு.

"ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க. கடலூர் போறோம்."

3.20, கடலூர்.

போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் லூர்துசாமி, வேறு தோட்டாக்களைப் போட்டு அந்த ரிவால்வரை மேஜையில் டொப்பு டொப்பென்று வைத்தார். மணல் மூட்டைமேல் போட்டார். அசையவில்லை. கடைசியில் மூட்டைக்குக் குறி வைத்து விசையை இழுத்தார். டிக். அப்போதும் வெடிக்கவில்லை. தோட்டாக்கள் ஒரு சுற்று சுற்றி, முதல் தோட்டா மறுபடி வந்தபோதுதான் காது கிழிந்தது.

"உள்ள ஸ்பிரிங் பலமில்ல மேடம். மொத அடியில வெடிக்காது, அதே தோட்டாவுல ரெண்டாவது அடி விழணும். இது தானா வெடிக்கிற கோளாறு இல்ல. சுட்டாலும் வெடிக்காத கோளாறு."

அருள்மொழி அந்தப் பள்ளங்களை மனதுக்குள் மறுபடி எண்ணினாள். அடக் கடவுளே, ஐந்தும் இரண்டும் ஏழு!

6.00, சிதம்பரம் ஸ்டேஷன்.

"கோளாறுன்னு படிச்சதும் தானா வெடிக்கும்னு நெனச்சுட்ட. உன்ன என்ன சொல்றது, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். புதுத் துப்பாக்கி வெடிக்கலன்னு எழுத உன் மாமாவுக்கு கௌரவம் எடம் குடுக்கல."

அருள்மொழி தோட்டாக்களை இளவரசு முன்னால் வரிசையாக வைத்தாள்.

"விசைய ஒவ்வொரு தடவ இழுக்கறப்பவும் தோட்டாவுல ஒரு பள்ளம் விழும். மொத்தம் ஏழு பள்ளம். ஆக்சிடெண்ட் ஏழு தடவ நடக்காது."

"அன்வர்தான் இழுத்திருப்பான்…"

"எதிர்ல உக்காந்திருந்தவன் நீ. அவன் ஏழு தடவ இழுத்திருந்தா பாத்திருப்ப. ஒரே தடவ டொப்புன்னு வச்சான்னு ஏன் சொன்ன? மாமா தொடலன்னு நீயே சொல்லிட்ட. மிச்சம் யாரு இளவரசு?"

அவன் தலை கவிழ்ந்தது.

"பொண்ண அனுப்ப மாட்டேன்னாரு. அன்வர் வெளிய போனதும் எடுத்து நீட்டினேன். வெடிக்கல. இழுத்துகிட்டே இருந்தேன். மாமா எந்திரிக்கக்கூட இல்ல மேடம். சிரிச்சாரு. 'அது வெடிக்காது மாப்ள, கீழ வையி'ன்னாரு. அந்த சிரிப்புதான் எனக்கு ஆத்திரம்…"

செந்தமிழ்செல்வனின் பேனா நின்றுவிட்டது. ஆறு முறை விதி அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பாவி, ஏழாவது முறையும் இழுத்தானே!

வெளியே பெஞ்சில் இருந்த அன்வரிடம் அருள்மொழியே போய்ச் சொன்னாள்.

"நீ கொல்லல. இளவரசு ஒத்துக்கிட்டான்."

அன்வர் கண்ணை மூடி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். பிறகு மெல்லக் கேட்டான்.

"கடைசியில மொதலாளி ரொம்ப பயந்துட்டாங்களா மேடம்?"

"இல்ல. சிரிச்சுகிட்டு இருந்தாரு."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அன்வர், பெஞ்சிலிருந்து சரிந்து ஓவென்று அழுதான்.