கீழ்மூலையின் ஈரம்

பக்கத்தின் வலது கீழ்மூலை ஈரமாக இருந்தது.

பழைய புத்தகங்களை வாங்கி விற்பதிலும் செப்பனிடுவதிலும் புதுக்கோட்டை வட்டாரத்தில் தனக்கு நிகர் யாருமில்லை என்று நம்பிய அறிவுச்செல்வன், எந்தக் கறையையும் பார்த்த மாத்திரத்தில் அதன் காரணத்தைச் சொல்லிவிடக்கூடியவன். கூரை ஒழுகினால் தாளில் பழுப்பு விளிம்பு படரும். எண்ணெய் பட்டால் பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரியும். இது இரண்டுமல்ல. கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள் விட்டுச்செல்லும் நீள்வட்டம். எச்சில். இன்னும் காயவில்லை.

வீட்டின் முன்னறைதான் கடை. எச்சில் விரலோடு இதைத் தொட்டது யார் என்று அவன் உட்புறம் நோக்கிக் கத்தினான். அவன் மனைவி மோகனப்ரியா அடுப்படியை விட்டு நகராமலே பதில் சொன்னாள்.

"செத்தவங்க புஸ்தகத்த நான் எதுக்குங்க தொடப்போறேன்? அங்கிட்டு யாரு மூக்குப்பொடி போடுறாங்கன்னு மொதல்ல பாருங்க. நாத்தம் இங்க வரைக்கும் வருது."

அந்த வீட்டில் மூக்குப்பொடி போடுகிறவர் எவருமில்லை.

அது நூறாண்டுக்கு முன் ஏதோவொரு மிஷன் அச்சகத்தில் பதிப்பிக்கப்பட்ட தமிழ் உடற்கூற்றுப் புத்தகம். முதுகு பிரிந்துவிட்டதால் தைத்துக் கட்டித் தரும்படி ஆவூரைச் சேர்ந்த ஷர்லி அதைக் கொடுத்துப் போயிருந்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவள் தந்தை அருள்தாஸ் மாலைதோறும் மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டே அதைப் படித்துவந்து, முடிக்காமலே சென்ற ஆண்டு இறந்துபோனார். அவர் நிறுத்திய இடத்தில் பச்சை நாடா அப்படியே கிடந்தது. தையல் மடிப்புகளில் அடைந்திருந்த பொடித்துகளை அறிவுச்செல்வன் முன்பே தூரிகையால் துடைத்தெறிந்திருந்தான். பிறகு, நாடாவுக்கு அப்பால் கை, கண், முகம் என்ற இயல்களில் பாடத்துக்கு எதிரே இருந்த வண்ணப்படத் தாள்களைத் தையலோரம் சிறு விளிம்பு மட்டும் எஞ்சுமாறு கத்தியால் அறுத்தெடுத்து விற்றிருந்தான். அவை இப்போது காரைக்குடிப் பக்கம் ஒரு விடுதியின் சுவரில், கண்ணாடிச் சட்டங்களுக்குள் தொங்கின. அவனுக்கு அதில் உறுத்தல் ஏதுமில்லை; எரிச்சல்தான் இருந்தது. கரையான் அரித்த பஞ்சாங்கத்தைப் பொக்கிஷம் என்று தூக்கிவருகிறவர்களுக்கும், பொக்கிஷத்தின்மேல் பொடியைச் சிந்துகிறவர்களுக்கும் புத்தகத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஈரம், நாடா கிடந்த தாளுக்கு அடுத்த தாளில் இருந்தது.

மறுநாள் ஷர்லி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தந்தைக்கு ஆண்டு நினைவுத் திருப்பலி. சனிக்கிழமை மாலைக்குள் புத்தகம் கைக்கு வந்துவிட வேண்டும் என்றாள். படத்தாள்கள் சிலவற்றைப் பூச்சி அரித்திருக்கக்கூடும் என்று அவன் பேச்சோடு பேச்சாக முன்கூட்டியே சாக்குச் சொல்லிவைத்தான். அவள் உடனே நிமிர்ந்தாள்.

"பூச்சி எழுத்த விட்டுட்டு படத்த மட்டும் தேடித் தின்னுச்சா சார்?"

"சந்தேகப்பட்டுப் பேசாதீங்கம்மா. இந்தத் தொழில்ல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"பேரு இருக்கட்டும். எங்கப்பா படத்துல வெரல வச்சுத்தான் பாடத்தப் படிப்பாரு. படம் வெளங்கலைன்னா எம் பிள்ளைங்க கையப் பிடிச்சு, இந்தா, இதான் அந்த நரம்புன்னு தடவித் தடவிப் பாப்பாரு. ஒரு படம் கொறஞ்சாலும் போலீஸ் ஸ்டேஷன்லதான் பேசுவோம்."

அவள் போன பிறகும் அவள் கோபம் அறையில் நின்றது. அவன் புத்தகத்தை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

பூட்டிய பீரோவுக்குள் ஈரம் நகர்ந்தது. ஒவ்வொரு காலையிலும் இன்னும் சில தாள்களின் மூலைகள் நனைந்திருந்தன; முந்தைய நாளின் மூலைகள் உலர்ந்து மொரமொரத்தன; அவன் துடைத்துச் சுத்தப்படுத்திய மடிப்புகளில் புதிய பொடித்துகள் பழுப்பாகக் கோடிட்டுக் கிடந்தன. ஷர்லி ஏதோ சூழ்ச்சி செய்கிறாள் என்றே அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். வேறு எதையும் நினைக்க மறுத்தான். மோகனப்ரியாவை வைதான், மழையை வைதான், செத்துப்போன ஆசிரியரை வைதான்.

கை என்ற இயலுக்கு வந்ததும் ஈரம் நின்றது.

அறுத்தெடுத்த தாளின் எஞ்சிய விளிம்பு கூழாகியிருந்தது. அதை யாரோ இப்படியும் அப்படியும் மடித்துப் பார்த்திருக்கிறார்கள், திரும்பத் திரும்ப, காணாமற்போனது அதற்கடியில் ஒட்டிக்கிடக்கிறதா என்று தேடுவதைப்போல. அவன் திரும்பினான். அலமாரியில் இருந்த பாம்புப் படப் புத்தகத்தை எடுத்தான். மூலைகள் ஈரம். கோவில் சிற்பப் படங்களின் தொகுப்பு. ஈரம். கடையில் படமுள்ள புத்தகம் எதுவும் தப்பவில்லை.

அச்சம் எழுந்தது, அவன் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டான். விற்குமுன் கைப்பேசியில் எடுத்த ஒளிப்படங்கள் இருந்தன. வேறொரு பழம்புத்தகத்தின் வெற்றுத்தாள்களைக் கிழித்து, தேநீரில் நனைத்து உலர்த்தி, வீட்டிலிருந்த இங்க்ஜெட் பிரிண்டரில் படங்களை அச்சிட்டு, எஞ்சிய விளிம்புகளில் பசையிட்டு ஒட்டினான். விரித்துப் பார்த்தபோது அவனுக்கே வேறுபாடு தெரியவில்லை. இனி அவள் எந்த ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போகட்டும்.

சனிக்கிழமை மாலை ஐப்பசி மழை தெருவை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. மோகனப்ரியா கடைவீதிக்குப் போனவள் எங்கோ ஒதுங்கி நின்றிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டதாக ஷர்லி போன் செய்தாள். அவன் எமர்ஜென்சி விளக்கை மேசைமேல் வைத்து, பீரோவைத் திறந்து, புத்தகத்தை எடுத்து விரித்தான்.

படத்திலிருந்த கை கலைந்திருந்தது.

இங்க்ஜெட் மை எச்சிலில் கரையும். கறைகளைக் கற்றவன் அதை மறந்துபோனான். சிவப்பும் நீலமும் ஒன்றாகக் குழம்பிக் கீழ்மூலைவரை இழுபட்டிருந்தன. எதிர்ப்பக்கத்து ஓரத்தில் வண்ணம் தோய்ந்த கட்டைவிரல் ரேகைகள். முதலில் இலேசானவை. பிறகு அழுத்தமானவை. கடைசி ரேகை தாளையே துளைத்திருந்தது. ஏமாற்றப்பட்டவரின் சினம் அதில் அப்படியே பதிந்திருந்தது.

மேசையின் ஓரத்திலும் ஒன்று இருந்தது. நீலம். ஈரம்.

அவன் கைக்குப் பக்கத்தில் இன்னொன்று.

கையை இழுத்தான். வரவில்லை. மணிக்கட்டை எதுவோ பிடித்திருந்தது. முரட்டுத்தனமாக அல்ல. வகுப்பில் ஆசிரியர் ஒரு பிள்ளையின் கையைப் பிடிப்பதைப்போல.

"யாரு?"

பொடியை இழுக்கும் நீண்ட மூச்சு. நாக்கில் விரல் படும் ஓசை.

கோபப்பட முயன்றான். வரவில்லை.

கை தானாக மல்லாந்தது. உள்ளங்கையின் கீழ்மூலையில் குளிர்ந்த ஈரம். அது ஒருமுறை வழுக்கியது. பிறகு பிடித்தது.

தோல் தாளைப்போலப் புரண்டது.

இரத்தம் வரவில்லை. வலியும் இல்லை. சிவப்பும் நீலமுமாக எல்லாம் தெரிந்தன, படத்தில் இருந்த அதே வரிசையில். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிச் சென்றது. நிதானமாக. படிக்கிற வேகத்தில். பொடித்துகள் சில உதிர்ந்து நரம்புகளுக்கிடையே விழுந்தன.

வாசற்கதவு தட்டப்பட்டது.

"சார், புஸ்தகம் ரெடியா?"

வாயைத் திறந்தான். குரல் இல்லை.

மேசைமேல் புத்தகம் புரண்டது. ஒரு தாள். இன்னொரு தாள். அடுத்த இயலில் நின்றது. கண்.

மீண்டும் நாக்கின் ஓசை.

அவனுடைய வலது கண்ணின் கீழ்மூலையில் ஈரம் வந்து அமர்ந்தது.