பாதி வழியில் நின்ற நத்தை

ஒரு வாரமாக விடாமல் மழை. குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த வாசிப்பு அறையில் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த விளக்கும் தூங்கி வழிந்தது.

அறையின் மூலையில் ஒரு பழைய கணினி உண்டு. அதில் ஓடுவது லினக்ஸ். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்ட இயங்குதளம் அது. குடியிருப்புப் பிள்ளைகள் தங்கள் படங்களையும் பாடங்களையும் அதில்தான் ஆளுக்கொரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கணினிக்கு டாக்டர், நர்ஸ், காவல்காரர் எல்லாமே கொசுதான். பதினொரு வயதுப் பெண். ஆள் சின்னவள்தான். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். தூசி துடைப்பது, புதுப்பிப்புகள் போடுவது, கடவுச்சொல்லை மறந்துவிட்டு அசடு வழிய நிற்கிறவர்களுக்கு மாற்றிக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. நிர்வாகிக் கடவுச்சொல்லும் அவளிடம்தான் இருந்தது. அறையைத் திறந்து பூட்டுகிற சாவி மாமாவுக்கும் ஒருகாலத்தில் அது தெரியும். அவர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் கொசுவின் படத்தை எல்லாருக்கும் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரு நத்தை பள்ளிக்கூடம் போகிற கதை. ஒரு வருடமாக உட்கார்ந்து அவளே வரைந்தது. ஆயிரத்துக்கும் மேல் ஓவியங்கள். அவற்றை வரிசையாக ஓடவிட்டால் நத்தை மெல்ல நகரும். கடைசி ஓவியத்தை முடித்துவிட்டு, 'சேமி' என்பதை அழுத்தினாள்.

'சேமிக்க முடியவில்லை. படிக்க மட்டும்' என்றது திரை.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பதில். பெட்டிக்குள்ளிருந்து 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம் வந்தது.

கொசு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற கறுப்புத் திரையைத் திறந்தாள். கணினி தனக்கு என்ன நடக்கிறது என்று எழுதிவைக்கும் குறிப்புகளைக் கேட்டாள். சிவப்பு வரிகள் கொட்டின. டிஸ்க்கில் இங்கே படிக்க முடியவில்லை, அங்கே படிக்க முடியவில்லை என்று ஒரே புலம்பல்.

"என்ன கொசு, தகராறு பண்ணுதா?" என்று சாவி மாமா எழுந்து வந்தார். "அணைச்சிட்டுத் திரும்பப் போடு. எங்க வீட்டு டிவிக்கு அதுதான் வைத்தியம்." சொல்லிக்கொண்டே சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"மாமா, தொடாதீங்க!"

சாவி மாமா சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"டிஸ்க் சாகப்போகுது மாமா. இப்ப அணைச்சா திரும்ப எழுந்திருக்கவே எழுந்திருக்காது."

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஓடுது. ஆனா இனிமே எதையும் உள்ள எழுத விடாது. எழுதினா இருக்கறதும் கெட்டுப்போயிடும்னு தானே கதவைச் சாத்திக்கிச்சு. உள்ள இருக்கறதை வெளிய எடுக்கலாம், அவ்வளவுதான். அதுவும் டிஸ்க் சுத்தற வரைக்கும்தான்."

"எவ்வளவு நேரம் சுத்தும்?"

"தெரியல மாமா."

இத்தனை நாளும் நகல் எடுத்து வைக்காததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு, பையிலிருந்த பென் டிரைவைச் செருகினாள். நத்தை ஓவியங்களை அதில் நகலெடுக்கக் கட்டளை கொடுத்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. சில இடங்களில் அப்படியே நின்றுவிடும். டொக் டொக் என்று அடித்துக்கொண்டு, பிறகு மெல்ல நகரும். நிஜ நத்தையே தேவலை போலிருந்தது.

மற்ற பிள்ளைகளின் கோப்புகளும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன. கொசுவுக்கு அப்போது அது தோன்றவே இல்லை. ஒரு வருடப் படம் கண்ணெதிரே போகும்போது யாருக்குத்தான் தோன்றும்?

கதவு திறந்தது. ரேடியோ வந்தான்.

ரேடியோ மூன்றாம் மாடிப் பையன். வாய் ஓயாமல் பேசுவான், அதனால் அந்தப் பெயர். போன வாரம் அவன் வளர்த்த 'மூட்டை' என்ற நாய் செத்துப்போனது. அன்றிலிருந்து அவன் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டினான். மூட்டையைப் படம் பிடித்த ஃபோன் எப்போதோ தண்ணீரில் விழுந்து பாழாகிவிட்டது. படங்கள் இந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுவான்.

"இன்னிக்குக் கம்ப்யூட்டர் கிடையாதுப்பா. டிஸ்க் போகப்போகுதாம். உள்ள இருக்கறதெல்லாம் போச்சுன்னு வெச்சுக்கோ" என்றார் சாவி மாமா. எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற சுபாவம் அவருக்கு.

ரேடியோ திரையைப் பார்த்தான். நத்தை ஓவியங்களின் பெயர்கள் ஏறுவதைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மடக்கிய குடையோடு அங்கேயே நின்றான். குடைத் தண்ணீர் அவன் செருப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் கேட்டிருந்தால், 'இரு, முதல்ல என்னோடது முடியட்டும்' என்று கொசு எரிந்து விழுந்திருப்பாள். கேட்காமல் நிற்கிறவனிடம் என்ன சொல்வது?

நத்தை இன்னும் பாதிகூட முடியவில்லை. டொக் டொக் சத்தம் வேகமாகிக்கொண்டே வந்தது. நத்தையை மறுபடி வரையலாம். கை ஓய்ந்துபோகும், அழுகை வரும், ஆனாலும் வரையலாம். மூட்டையை யாராலும் மறுபடி படம் எடுக்க முடியாது.

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். பெயர்கள் ஏறுவது நின்றது.

"உன் ஃபோல்டரை நான் திறக்கலாமா?" என்று கேட்டாள். நிர்வாகிக் கடவுச்சொல் போட்டால் யாருடையதையும் திறக்கலாம்தான். கேட்காமல் திறக்கக்கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம்.

ரேடியோ தலையை ஆட்டினான்.

பெயர்கள் மறுபடி ஏறத் தொடங்கின. 'மூட்டை தூக்கம்'. 'மூட்டை குளிக்க மாட்டேன் என்கிறது'. 'மூட்டை அப்பாவின் செருப்பைத் தின்றது'. ஒரு படத்தில் டிஸ்க் நெடுநேரம் நின்றுவிட்டது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு அதுவும் ஏறியது. கடைசிப் படமும் வந்து சேர்ந்தது.

கொசு அவசர அவசரமாக நத்தைக்குத் திரும்பினாள். ஒரு ஓவியம் வந்தது. இன்னொன்று வந்தது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதோடு பெட்டி ஓய்ந்துவிட்டது.

மறுநாளும் மழை விடவில்லை. மிஞ்சிய ஓவியங்களை அம்மாவின் மடிக்கணினியில் கோத்து, கொசு அதை வாசிப்பு அறைக்குக் கொண்டுவந்தாள். தங்கள் கோப்புகளும் போன வருத்தம் இருந்தாலும் பிள்ளைகள் முண்டியடித்து உட்கார்ந்தார்கள். நத்தை வீட்டைவிட்டுக் கிளம்பியது. தெருவைக் கடந்தது. ஒரு குட்டையின் ஓரத்தில் வந்து நின்றது. திரை இருண்டது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"ஸ்கூலுக்குப் போகலையா?"

"மீதி டிஸ்க்கோட போயிடுச்சு."

"இதுக்கா மாசக்கணக்கா பீத்திக்கிட்டே?" என்றாள் ஒரு பெண். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் கை தட்டவில்லை. கொசு தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுருட்டினாள். அவள் கண்ணீர் ஒயரின் மேலேயே விழுந்தது.

ரேடியோ மட்டும் போகவில்லை.

"பாதியில நிறுத்தினது எனக்காகத்தானே?" என்றான். ஒரு வாரமாகப் பேசாததில் குரல் கரகரத்தது.

"அதெல்லாம் இல்ல. டிஸ்க்தான் நின்னுபோச்சு."

"நீதான் நிறுத்தினே. நான் பார்த்தேன்."

கொசு மூக்கை உறிஞ்சினாள். வெளியே தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"எனக்கு நத்தை வரைய வராது" என்றான் ரேடியோ. "ஓடு மட்டும் போடுவேன். சுத்திச் சுத்திக் கோடு போடறதுதானே?"

"கால் போட வருமா?"

"நத்தைக்கு ஏது கால்?"

கொசுவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "அப்ப ஓட்டை நீ போடு. மீதியை நான் போடறேன்."

மடிக்கணினியை மறுபடி திறந்து, நாற்காலியில் நகர்ந்து அவனுக்குப் பாதி இடம் கொடுத்தாள். ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டு முதல் ஓட்டைப் போட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, படு கோணலாக வந்தது.

கொசு அதை அப்படியே நத்தையின் முதுகில் ஏற்றினாள். 'சேமி' என்பதை அழுத்தினாள். கையோடு பென் டிரைவிலும் ஒரு நகல் போட்டு வைத்தாள்.