பக்கத்தில் வந்துவிட்ட வீடு

வீடு இன்றைக்குச் சீக்கிரமாகப் பதில் சொல்லிவிட்டது.

அதிலென்ன குறை என்று யாரும் கேட்கலாம். அவளும் முதலில் அப்படித்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் மகள் வாண்டு கதவை உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் ரவுட்டரைப் போடுவாள். ஊரின் மறுகோடியில், ஓர் இணைய நிறுவனத்தின் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கும் அம்மா, அந்த ரவுட்டரின் முகவரியைத் தட்டி 'இருக்கிறாயா?' என்று கேட்பாள். 'இருக்கிறேன்' என்று ஒரு வரி திரும்பி வரும். அந்தத் தொழிலில் அதற்குப் பிங் என்று பெயர். அந்த வரி வந்தால் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். போன் செய்யலாம்தான். செய்தால் பேச வேண்டும். பேச நேரம் எங்கே இருக்கிறது? வாண்டுவின் அப்பா கப்பலில்; வந்தால்தான் வந்தார் என்று கணக்கு. வீடு, வேலை, பிள்ளை எல்லாம் இவள் ஒருத்தி தலையில்.

அந்த வரி வீட்டுக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்கு மனப்பாடம். இன்றைக்கு நேரமே எடுக்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் பதில். வீடு ஊரைக் கடந்து வந்து, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டது போல.

"ஏதோ ஒண்ணு, போய்த் தொலை," என்று முனகிவிட்டு ஆறிப்போன காபியைக் குடித்தாள். வாயெல்லாம் கசந்தது.

காலையிலிருந்தே உயிரை எடுக்கிற நாள். பெரிய லைன் ஒன்று அறுந்து, பாதி ஊருக்கு இணையம் போய்விட்டது. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை அவள் மட்டும் பார்த்து மாதங்களாகின்றன. "ஆள் போடுறேன், ஆள் போடுறேன்" என்று மேனேஜர் வாயாலேயே போட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் வாயில் வேறு பாட்டு: "எதையாவது பண்ணும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்." பண்ணினாள். ஃபில்டரைத் திறந்துவிட்டாள்.

இந்தத் தொழிலே நம்பிக்கையில்தான் ஓடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் பக்கத்து நிறுவனத்திடம், இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம் என்று சொல்லும். ரவுட்டர் அதை அப்படியே நம்பும். இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வழி சொன்னால், யார் குறிப்பாகச் சொல்கிறார்களோ அவர்கள் பேச்சுதான் எடுபடும். தெரு முழுக்கத் தெரியும் என்பவனைவிட, அந்த ஒரு வீட்டைத் தெரியும் என்பவன் ஜெயிப்பான். அவன் யோக்கியனா என்று ரவுட்டர் விசாரிக்காது. விசாரிக்கத்தான் ஃபில்டர். மாற்று வழிகள் எதையும் அது உள்ளே விடாமல் மறித்ததால், இன்றைக்கு ஒருநாள் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள் என்று அதைத் திறந்துவிட்டிருந்தாள். வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளலாம். இந்த வேலையில் இருக்கிற எல்லாரும் ஒருநாள் இதைச் செய்திருப்பார்கள். எல்லாரும் மூடியும் இருப்பார்கள். அவள் மறந்துபோனாள்.

மேசைமேல் போன் ஒளிர்ந்தது. வாண்டு. அவளிடம் சிம் கிடையாது. வீட்டு ரவுட்டர் வழியாக டேப்லெட்டில்தான் பேசுவாள்.

"அம்மா, எப்ப வருவே?"

"வரேன்டா, கொஞ்ச நேரத்துல."

"கொஞ்ச நேரம்னா? சரியாச் சொல்லு."

"ஏழு மணிக்குள்ள வந்துடுவேன்." ஒரு கை போனில், மறு கை விசைப்பலகையில். யாரோ வாடிக்கையாளர் இன்னும் திட்டிக்கொண்டே மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன சட்டை போட்டிருக்கே?"

"காலைல பார்த்தியே. அந்தப் பழைய நீலச் சட்டைதான். பட்டன் போனது."

"எந்தப் பட்டன்?"

"கழுத்துகிட்ட இருக்கிறது. ஏன்டா?"

"கதவை எப்படித் தட்டுவே?"

"என்ன கேள்வி இது? எப்பவும் போலத்தான். ரெண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒண்ணு."

"உள்ள வந்ததும் முதல்ல என்ன பண்ணுவே?"

"பையைக் கீழ போட்டுட்டு உன் தலையை மோந்து பார்த்து, அய்யய்யே, வேர்வை நாத்தம்னு சொல்லுவேன். போதுமா? அம்மாவுக்கு வேலை இருக்குடா."

இந்த இடத்தில் வாண்டு எப்போதும் கெக்கெக்கே என்று சிரிப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. "போதும்" என்றது குரல்.

போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. வீட்டுக் கூடத்தில் ஒரு ஃபேன் இருக்கிறது. கடகடவென்று ஆடிக்கொண்டே சுற்றும், எத்தனை முறை பேசினாலும் பின்னால் அந்தச் சத்தம் இருக்கும். இன்றைக்கு இல்லை. ஃபேன் இல்லை, காலையிலிருந்து பெய்கிற மழை இல்லை, தெரு இல்லை. துடைத்துவைத்தாற்போல ஒரு நிசப்தம், அதற்கு நடுவில் அவள் பிள்ளையின் குரல்.

வீட்டுக்குப் போகும் பாதை முழுவதையும் திரையில் வரவழைத்தாள். வழக்கமாக ஏழெட்டு நிறுத்தங்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தெருமுனைப் பெட்டியின் பெயரில். இன்றைக்கு ஒரே ஒரு நிறுத்தம். அதற்குப் பெயரில்லை. இந்த வழியைச் சொன்னது யார் என்று தேடினாள். யாரோ ஒருவர், அவள் வீட்டு முகவரியை மட்டும், ஊரிலுள்ள இத்தனை ஆயிரம் வீடுகளில் அந்த ஒன்றை மட்டும், 'அது என்னிடம் இருக்கிறது' என்று அறிவித்திருந்தார். அறிவிப்பு வந்த லைன், எப்போதோ இழுத்து மூடப்பட்ட ஒரு சின்னக் கம்பெனியுடையது.

லைன்மேனைக் கூப்பிட்டாள். ஆள் உயரத்துக்கு அவரை எல்லாரும் ஏணி என்றுதான் சொல்வார்கள், அவருக்கும் அதில் வருத்தமில்லை.

"ஏணி அண்ணே, மூடிட்டுப் போனாங்களே ஒரு கம்பெனி, அவங்க லைன்ல யாரையாவது சேர்த்தீங்களா?"

"அந்த லைனா? ரோட்டைத் தோண்டி கேபிளை உருவினதே நான்தானேம்மா. மெஷின் ரூம்ல ஒரு முழத் துண்டு தொங்கும். அவ்ளோதான் மிச்சம்."

"அது உயிரோட இருக்குண்ணே."

"நீ இருக்கியான்னு முதல்ல பாரு. குரலே சரியில்ல. வீட்டுக்குப் போம்மா."

மெஷின் ரூமின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. நூற்றுக்கணக்கான சின்ன விசிறிகள் ஒன்றாகச் சேர்ந்து இரைகிற சத்தம், சூடேறிய தூசியின் வாடை, அலமாரி அலமாரியாகப் பச்சை விளக்குகள் அவசரமாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிற இருட்டு. தினமும் வருகிற இடம்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். இன்றைக்கு ஏனோ அலமாரிகளுக்கு நடுவே போகும்போது தோளைக் குறுக்கிக்கொண்டாள். கோடியில் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தத் துண்டு தொங்கியது. ஒரு முனை மெஷினில். மறுமுனை வெட்டப்பட்டு, காற்றில்.

அதன் மேலிருந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மற்ற விளக்குகளைப் போல அவசரமாக இல்லை. நிதானமாக. இரண்டு முறை சிமிட்டியது. கொஞ்சம் விட்டு ஒன்று.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

கேபிளைப் பிடுங்கினாள். வெறும் கயிறுபோல கையோடு வந்தது. ஓடிவந்து ஃபில்டரை மூடினாள். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தாள். வீட்டைக் கேட்டாள். கொஞ்சம் தாமதித்து, பழைய தாமதத்தோடு, 'இருக்கிறேன்' என்றது வீடு. போன உயிர் திரும்பி வந்தது. உடனே டேப்லெட்டுக்கு அழைத்தாள்.

ஃபேன் கடகடத்தது. மழை பெய்தது. அவள் அழுதே விட்டாள்.

"அம்மா? நீ எதுக்கு போன் பண்றே?" வாண்டு குழம்பிப்போய்க் கேட்டாள்.

"ஏன், பண்ணக் கூடாதா?"

"இல்ல, இவ்ளோ நேரம் பேசினோமே! நீ இன்னைக்கு எல்லாம் கேட்டேல்ல. கிளாஸ்ல நடந்தது, சண்டை போட்டது, என் பல்லு, எல்லாம். நீ இப்படிப் பேசினதே இல்லம்மா. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அவள் எதையும் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார்கள்.

"வாண்டு. கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கியா?"

"போட்டாச்சு. நீதானே உள்ள வந்ததும் போட்டே."

"யாரு உள்ள வந்ததும்?"

ஃபேன் மட்டும். பிறகு பிள்ளையின் குரல் இறங்கியது, வாயருகே கையை வைத்துக்கொண்டு பேசுவது போல.

"அம்மா, நீ சமையலறைலதானே இருக்கே? குழாய்ச் சத்தம் கேக்குதே."

அவளுக்கும் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

அது நின்றது.

இணைப்பும் போனது.

எப்படி ஸ்கூட்டரை எடுத்தாள், எந்தெந்தத் தெரு, தெரியாது. போலீசுக்குச் சொன்னாள், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். கீழ்வீட்டு அக்கா போனை எடுக்கவில்லை. மழை கண்ணில் அடித்தது. சிக்னல்கள் எல்லாம் சிவப்பு. எதற்கும் நிற்கவில்லை. என் பிள்ளை. என் பிள்ளை. வாயில் வேறு வார்த்தையே வரவில்லை. ஒவ்வொரு நாளும் 'கொஞ்ச நேரத்தில்' என்று சொல்லிச் சொல்லிக் கடத்திய அத்தனை கொஞ்ச நேரமும் சேர்ந்து நெஞ்சை அடைத்தது.

மாடிப்படி. ஈரச் செருப்பு வழுக்கியது. கதவுக்கடியில் வெளிச்சம். வெங்காயம் வதங்குகிற வாசனை.

சாவி சுற்றியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள்.

தட்டினாள். கை பழக்கத்தில் தட்டியது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

"யாரு?" வாண்டு கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

"அம்மாடா. கதவைத் திற. சீக்கிரம்."

"அம்மா உள்ள இருக்காங்க."

"அது அம்மா இல்ல. நான்தான்டா அம்மா. என் குரல் தெரியலையா? வெளிய வாடா தங்கம்."

உள்ளே யாரோ மெதுவாக ஏதோ சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பிள்ளை கேட்டாள்.

"அப்படின்னா சொல்லுங்க. காலைல நான் அம்மாகிட்ட ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்?"

சொல்லுங்க. அவள் பிள்ளை அவளிடம் இதுவரை அப்படிப் பேசியதில்லை.

காலை. இதே கதவு. அவள் ஒரு காலில் செருப்போடு மறு செருப்பைத் தேடிக்கொண்டு, கண் போனில், மேனேஜரின் மெசேஜ்கள் வந்து விழுந்தபடி. வாண்டு எதிரே நின்று வாயைப் பெரிதாகத் திறந்து எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். என்னவோ சொன்னாள். இவள் "ம்" என்றாள். "ம், சரி சரி" என்றாள்.

"பல்லு!" என்று கத்தினாள். "பல்லு ஆடுதுன்னு சொன்னே!"

"எந்தப் பல்லு?"

"முன்பல்லு... கீழ. கீழ முன்பல்லுடா. வாண்டு, நான் பார்க்கலடா, அவசரத்துல பார்க்கல, கதவைத் திற, இப்பப் பார்க்கறேன், கண்ணு..."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவளுடைய குரல். ஆனால் அவசரமில்லாத குரல், இந்தக் கதவுக்குள் அவள் ஒருநாளும் பேசியிராத குரல்.

"மேல. வலது பக்கம், ரெண்டாவது பல்லு. நேத்து ராத்திரி ஆட ஆரம்பிச்சது. காலைல லேசா ரத்தம் வந்துச்சு. வலிக்குமான்னு பயமா இருக்குன்னு சொன்னே, தங்கம்."

"ஆமா," என்றாள் வாண்டு. நிம்மதியாகச் சொன்னாள்.

சங்கிலி போட்டபடியே கதவு ஒரு கை அகலம் திறந்தது. பிள்ளையின் ஒரு கண் தெரிந்தது, அறியாத மனிதரைப் பார்க்கிற கண். அவள் விரலை உள்ளே நீட்டினாள். வாண்டு பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து, நீலச் சட்டையின் மேல் சாய்ந்தாள். கழுத்தருகே பட்டன் இல்லாத சட்டை. உலர்ந்த சட்டை. அதன் மேலே ஒரு முகம் மெல்லக் குனிந்து, பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து ஆழமாக மோந்தது.

"அய்யய்யே, வேர்வை நாத்தம்."

வாண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள்.

மோந்துகொண்டே அது கண்ணை உயர்த்தி, மழையில் நனைந்து நிற்கிறவளைப் பார்த்தது. அவள் முகம்தான். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். களைப்பு மட்டும் இல்லை.

பிறகு கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.