வண்டியில் அப்பா பக்கத்து இடம்

சனிக்கிழமை மதியம் தோட்டத்துக் கடைக்குச் சரக்கு ஏற்றிய மாட்டுவண்டி வரும். அதை ஓட்டி வருபவர் மருதமுத்து, பெத்தம்மாளின் அப்பா.

அவருக்கும் அவள் அம்மா கருப்பாயிக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தாள். அப்பா மலாக்கா டவுனில், தெங்கேராவில் இருந்தார். ஏன் என்று கேட்டால் இருவருமே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் சரக்கை இறக்கியதும் அப்பா அவளுக்கு நகம் வெட்டிவிடுவார், வாய்ப்பாடு கேட்பார். பிறகு வண்டியில் தன் பக்கத்தில் உட்காரவைத்து தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். வாரம் முழுக்க அவள் அதற்காகவே காத்திருப்பாள்.

கொஞ்ச நாளாக அந்த இடத்தில் சாந்தி உட்கார்ந்து வந்தாள். டவுனில் தன் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தகப்பன் இல்லாதவள், ஏழு வயதுதான் என்று அப்பா சொன்னார். அந்த ஏழு வயது, அப்பா குறட்டை விடுவதை எல்லோருக்கும் நடித்துக் காட்டியது. கடையே சிரித்தது.

பெத்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் குறட்டையை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை, சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் வாளியில் மிஞ்சியிருந்த ரப்பர் பாலை வண்டியில் அந்த இடத்துப் பலகையில் பூசிவைத்தாள். பாவாடை ஒட்டிக்கொண்டால் சாந்தி இனி வரமாட்டாள் என்பது அவள் கணக்கு.

மிட்டாய் சப்பியபடி வந்த சாந்தி, பலகையில் மல்லாந்து படுத்தாள். எழுந்தபோது சடை வரவில்லை. அழ ஆரம்பித்தாள்.

அப்பா கத்தியை எடுத்தார். வேறு வழியில்லை, கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும் என்றார்.

பெத்தம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீங்கப்பா. எண்ணெ போட்டா வந்துரும்."

ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது தலையில் தெறித்தால் அம்மா அப்படித்தான் எடுப்பாள். பெத்தம்மாள் வீட்டுக்கு ஓடித் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தாள். அப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவள் ஒவ்வொரு முடியாகப் பிரித்தெடுத்தாள்.

"அக்கா, மாமாவுக்கு என் பேரு வாயில வராதுலா," என்றாள் சாந்தி. "தினம் 'பெத்தம்மா, இங்க வா'ம்பாரு. நான் போனா, 'அட, நீயா'ன்னு சிரிப்பாரு. எனக்கு உங்க மேல கோவமா வரும்."

பெத்தம்மாளின் விரல்கள் நின்றன.

"பாலப் பூசுனது நான்தான்."

சாந்தி மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "வலிக்காம எடுங்க," என்றாள்.

அப்பா வந்ததும் பெத்தம்மாள் அவரிடமும் சொன்னாள். அவர் திட்டவில்லை. பலகையை அவளையே சுரண்டச் சொன்னார். சுரண்டி முடித்தபோது சாந்தி பின்னால் போய்க் காலிச் சாக்கின்மேல் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அங்க ஏன் போற? முன்னால வா," என்றாள் பெத்தம்மாள். "அப்பா, நீங்க நடுவுல உக்காருங்க."

இரண்டு பக்கமும் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில், கயிற்றைப் பிடிக்க அப்பாவுக்குக் கை அசையவில்லை.

"இனி மாடுங்கதான் வழி பாத்துப் போவணும்," என்றார்.

மாடுகள் பார்த்துத்தான் போயின.