கைராசியின் இடம்

அந்த ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்று, மாடிப்படி நெடுகச் சுவரில் கல்யாண ஜோடிகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். போட்டோ எடுப்பவர் பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் உட்கார வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது என்னைப் போன்றவர்கள்.

எனக்குக் கொடுத்த அறையில் பட்டப்பகலிலும் இருட்டு. மானிட்டரில் நிறம் சரியாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பாதாம் எண்ணெய் வாசனை மெல்ல வந்தது. யாரோ இப்போதுதான் கைக்குத் தடவிக்கொண்டு எழுந்து போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்து, பாதிக் கீகள் மொட்டையாக இருந்தன. மவுஸ் அதற்கு இடப்பக்கம் கிடந்தது. இரண்டும் வயர் இல்லாதவை, கம்ப்யூட்டரோடு சேர்ந்தே அதே கம்பெனியிலிருந்து வந்தவை.

"இது கைராசி உக்காந்த இடம்," என்றார் முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணன். "பாத்து நடந்துக்கம்மா, புதுசு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் பெயர் புதுசு.

கைராசி எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள். அவள் கை பட்ட ஆல்பத்தைப் பார்த்து அழாத அம்மாவே கிடையாது என்பார்கள். ஒரு மத்தியானம் அதே நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பாவம்தான். ஆனால் அவளால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்தை முடித்துக் காட்டினால் அண்ணன் மோவாயைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கைராசி இருந்தா..." என்று இழுப்பார். வாடிக்கையாளர்கள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவங்க இல்லையா?" என்பார்கள். உயிரோடு இருப்பவளோடு மல்லுக்கட்டலாம். அவள் தப்பு செய்வாள், லீவு போடுவாள், என்றைக்காவது அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். செத்தவளுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

அவளுக்கும் என்மேல் இருந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் செட்டிங்கில் மவுஸின் இடது பட்டன் வேலையை வலதும், வலது பட்டன் வேலையை இடதும் செய்யும்படி மாற்றி வைக்கப்பட்டிருந்தது. சரிசெய்து, மவுஸை வலப்பக்கம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். வந்து பார்த்தால் மவுஸ் மறுபடி இடப்பக்கம் இருக்கும், பட்டன்களும் பழையபடி மாறியிருக்கும். தினமும் இதே கூத்து. பக்கத்து அறையில் ஃப்ரேம் போடும் மாமாவைப் பிடித்தேன்.

"மாமா, என் மவுஸத் தொட்டீங்களா?"

"பசைக் கையோட நான் அதத் தொட்டா, அண்ணன் என்னையே ஃப்ரேம் போட்டு மாட்டிருவாரு." சிரித்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அவ இடதுகைக்காரிம்மா."

அந்த வாரம் நான் செய்த ஆல்பத்தை வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் மோசம். "மறுபடி செஞ்சு பாரு. இதுவும் சரியா வரலன்னா, வேற ஆளத்தான் பாக்கணும்," என்றார்.

தப்பு என் கையில் இல்லை, அவள் விட்டுப்போன சாமானில்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வேறொரு கம்பெனியின் வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்கி வந்தேன்.

"கம்பெனியோடதே இருக்கும்போது எதுக்கு இது?" அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"இது என்னோடதுண்ணே," என்றேன்.

பழையவற்றின் பேட்டரிகளைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு, இரண்டையும் இழுப்பறைக்குள் தள்ளினேன். புதியவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் நகத்தளவு ரிசீவரை அதன் பின்னால் செருகினேன். வேறு கம்பெனி கீபோர்டு என்றால் அந்தக் கம்ப்யூட்டர் லேசில் ஏற்றுக்கொள்ளாது. புது மருமகளை விசாரிப்பது போல ஒன்றிரண்டு கேள்வி கேட்கும். இடது ஷிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கீயை அழுத்தவும் என்று மானிட்டரில் வந்தது.

நான் இன்னும் கையை வைக்கவில்லை.

டக்.

முதல் கேள்வி மறைந்து அடுத்தது வந்தது.

டக்.

அதுவும் போய்விட்டது. சத்தம் இழுப்பறைக்குள்ளிருந்து வந்தது.

இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். அவள் தன் மவுஸுக்குத் தன் பெயரையே வைத்திருந்தாள். 'கைராசி' என்று இருந்தது, அதன் கீழே 'இணைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. மேசைமேல் கிடந்த பேட்டரிகளைப் பார்த்தேன்.  அந்தப் பெயரின்மேல் கிளிக் செய்தேன்.

இந்தக் கருவியை மறந்துவிடவா? என்று கேட்டது கம்ப்யூட்டர்.

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதானே இத்தனை நாள் காத்திருந்தேன். "மறந்துடு," என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன்.

பெயர் போய்விட்டது. திரும்பி வந்த ஆல்பத்தைத் திறந்து நிம்மதியாக வேலையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு பாதாம் எண்ணெய் வாசனை அடித்தது.

மானிட்டரில் மவுஸின் அம்பு நகர்ந்தது.

என் கை புது மவுஸின்மேல் அசையாமல் இருந்தது. அம்பு தானாகவே போய், நான் நடுவில் பெரிதாக வைத்திருந்த ஜோடியின் படத்தை மூலைக்குத் தள்ளியது. நான் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு படத்தைத் தேடி எடுத்தது. கூட்டமெல்லாம் கலைந்த ஹாலில், காலி நாற்காலிகளுக்கு நடுவே, மகள் விட்டுப்போன செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அதை நடுவில் வைத்து, சுற்றிலும் வெறுமையாக விட்டது.

நன்றாக இருந்தது.

பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வயிற்றெரிச்சல்தான். அந்தப் படம் என் கண்ணில் ஏன் படவில்லை? செத்தவளுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? ரிசீவரைப் பிடுங்கி எறிந்தேன். அம்பு நிற்கவில்லை. இழுப்பறையைத் திறந்தேன். தேய்ந்த கீபோர்டின்மேல் பழைய மவுஸ் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது என் இடம்," என்று கிசுகிசுத்தேன். "எழுந்து போ."

சட்டென்று இழுப்பறைக்குள் கையை விட்டு அந்த மவுஸைப் பிடித்தேன்.

சூடாக இருந்தது.

யாரோ திரைச்சீலையை விலக்க, வெளிச்சத்தில் கண் கூசியது. சாயங்காலமாகியிருந்தது. எப்போது ஆனது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மானிட்டரில் ஆல்பம் முழுவதும் முடிந்திருந்தது. அந்த அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"இதுக்குத்தாம்மா காத்திருந்தேன். இனிமே நீ புதுசு இல்ல. நீதான் கைராசி."

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். வாசலில் நின்ற மாமா மட்டும் சிரிக்காமல் என் கையையே பார்த்தார்.

"பேட்டரி இங்க கெடக்கேம்மா," என்றார் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். என் வலது கை மடியில் ஜில்லென்று கிடந்தது. பழைய மவுஸ் இடது கையில் இருந்தது.

இப்போது வாடிக்கையாளர்கள் என்னைத்தான் கேட்டு வருகிறார்கள். அம்மாக்கள் அழுகிறார்கள், அண்ணன் வாயாரப் புகழ்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் புகழ்ச்சி எதுவும் எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இன்று காலையில் அண்ணன் படியேறும்போதே, "கைராசி, வந்தாச்சா?" என்று குரல் கொடுத்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பழைய மவுஸின்மேல் இருந்த என் இடது கை விரல் முந்திக்கொண்டது.

டக்.